ஒன்பது

எண்களுக்குள் வேண்டியது, வேண்டாதது என்ற பேதம் கணக்கு வாத்தியார்களுக்குக் கிடையாது என்றுதான் எல்லோரும் எண்ணுவார்கள். ஆனால் எங்களுள் கணிதம் கற்பித்தவர், 2007ஆம் ஆண்டு ஜூன் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம், ஒரே ஓர் எண்ணை மட்டும் வாயால் சொல்லாமலும் கரும்பலகையில் எழுதாமலும் காலம் தள்ளினார். காரணிப்படுத்தலுக்கு எளிய எடுத்துக்காட்டாக 'எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒன்பது' என்று எழுத வேண்டிய இடத்தில் பதினாறு என்று எழுதினார். ஒன்பதாவது கணக்கு வந்தால் 'அடுத்த கணக்கு' என்றார். வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் பெயரை அழைக்கும்போது குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டார்.

காரணம், மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு குழந்தை. 'ஒம்போது' என்ற ஒலி எவர் வாயிலிருந்து வந்தாலும் வகுப்பு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பும். சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைவரை ஓடி அடங்கும். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் சென்ற எவருக்கும் இந்த எண்ணின் மறுபொருளை விளக்க வேண்டியதில்லை. எண்ணைத் தவிர்ப்பதன் மூலம் அந்தக் குழந்தையைக் காப்பாற்றிவிட்டதாக எங்கள் நண்பர் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார். தாம் காப்பாற்றியது தம்மையே என்பது பின்னரே அவருக்கு விளங்கியது.

இதை எழுதும் நாங்கள் மூவர். காவிரிப் படுகையின் ஒரு சிற்றூரில், ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். ஒருவர் கணிதம்; ஒருவர் தமிழ்; மற்றவர் உயிரியல் கற்பிக்கும் அம்மையார். ஞாயிறு மாலைகளில் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். மூவரும் சேர்ந்து எழுதுவதால் 'நாங்கள்' என்கிறோம். அந்தப் பன்மைக்குள் ஒளிந்துகொள்ளும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எவர் என்ன செய்தார் என்பதைத் தனித்தனியே சொல்லிவிடுகிறோம்.

*

அந்தக் குழந்தையை அன்று நாங்கள் எல்லோரும் 'அவன்' என்றே அழைத்தோம். இன்று அவர் ஒரு திருநங்கை. ஆகவே இங்கே 'அவர்' என்று எழுதுகிறோம். பால் கேட்காமல் மதிப்பை மட்டும் தரும் இப்படியொரு சொல் தமிழில் இருப்பதைத் தமிழாசிரியர் உட்பட எங்களில் எவரும் அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

அவ்வாண்டு சுதந்திர தின விழாவில் அவர் ஆடினார். கும்மி ஆட ஒரு பெண் குறைந்தது. 'சார், நான் ஆடுறேன்' என்று அவரே முன்வந்தார். சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, எட்டுப் பெண்களோடு ஒருவராக அவர் ஆடியபோது மைதானமே கைதட்டியது. ஊராட்சித் தலைவர் எழுந்து நின்று தட்டினார். தலைமையாசிரியர் ஓர் எவர்சில்வர் தட்டைப் பரிசாகத் தந்தார். ஸ்திரீபார்ட் நடிகர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடிய நாடக மரபு நம்முடையது. மேடைமேல் நிகழும்வரை அது நமக்குக் கலை. மறுநாள் காலை, அதே நடை, அதே கை அசைவு வகுப்பறைக்குள் வந்தபோது அது மீண்டும் 'ஒம்போது' ஆகிவிட்டது. முந்தைய நாள் கைதட்டிய ஆசிரியர்களில் சிலரும் சேர்ந்தே சிரித்தார்கள்.

எங்களுள் தமிழ் கற்பித்தவர் நேரடியாகச் சிரிக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். ஐம்பால் பாகுபாட்டை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, 'ஐயா, ஒம்போது எந்தப் பால்?' என்று கேட்டான். வகுப்பு வெடித்தது. தமிழையாவுக்குச் சிலேடையில் நாட்டம் உண்டு. 'எண்ணைப் பற்றிய ஐயமெல்லாம் கணக்கு வாத்தியாரிடம் கேள்' என்றார். சிரிப்பு இரு மடங்காயிற்று. அன்று மாலை ஆசிரியர் அறையில் இந்த மறுமொழியைத் தம் சமயோசிதத்துக்குச் சான்றாக அவரே சொல்லிக்காட்டினார். நாங்களும் ரசித்தோம்.

அந்தக் கேள்விக்கு விடை அவருக்குத் தெரியும் என்பதுதான் இதில் துயரம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தவர்களை உயர்திணையில் வைத்துத்தான் பேசுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர் நன்னூலில் இன்னும் ஒருபடி சென்று, ஒருவர் எதை விட்டு எதை அவாவுகிறாரோ அதற்கேற்பவே பால் அமையும் என்கிறார். உடம்பை அன்று, அவாவை அளவுகோலாக்கிய இலக்கணம் அது. அதே நூற்பாவின் இறுதியில், இவர்களை அஃறிணை போலவும் கொள்ளலாம் என்று முனிவர் இடம் விட்டிருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மரபு நமக்கு இரண்டு வழியையும் காட்டியிருக்கிறது. எங்கள் வகுப்பறை எளிய வழியைத் தேர்ந்துகொண்டது.

உயிரியல் அம்மையாரிடம் அந்தக் குழந்தை ஒரே ஒரு முறை பேசினார். வளரிளம் பருவத்தில் உடலில் நிகழும் மாற்றங்களைப் பற்றிப் பேச நேர்ந்த ஒரு வகுப்பு. குரல் உடைவது, மீசை அரும்புவது என்று பட்டியலைப் படித்துவிட்டு அம்மையார் வேகமாகக் கடந்துவிட்டார். மணி அடித்தபின் அவர் வந்து நின்றார். 'டீச்சர், இதெல்லாம் கட்டாயம் வந்துடுமா? வராம நிறுத்த முடியாதா?' என்று கேட்டார். அம்மையாருக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. 'அதெல்லாம் பரீட்சைக்கு வராதுப்பா' என்று சொல்லிவிட்டுப் போனார். பதினான்கு வயதுக் குழந்தை தன் உடல் தனக்கு எதிராகத் திரும்பப்போகிறது என்ற அச்சத்தைத் துணிந்து கேள்வியாக்கிக் கொண்டுவந்து நீட்டியதையும், தாம் அதைத் தேர்வுத்தாளால் மூடிவிட்டதையும் அம்மையார் பின்னாளில் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

*

வகுப்பாசிரியர் கணித நண்பர்தான். டிசம்பர் மாதம், அரையாண்டுத் தேர்வுக்கு முன், குழந்தையின் தந்தையை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. பிள்ளையை மற்றப் பிள்ளைகள் படுத்துகிறார்கள், நாள் முழுதும் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், மதிப்பெண் குறைகிறது. பெற்றவருக்குத் தெரிய வேண்டாமா? தந்தை கொத்தனார். சிமெண்ட் உலர்ந்த கைகளோடு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஐந்து நிமிடப் பேச்சு. 'பையன் நடை உடையெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. பசங்க கேலி பண்றாங்க. வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைங்க.' தந்தை தலையசைத்தார். தரையைப் பார்த்தவாறே சென்றார்.

நான்கு நாள் கழித்துக் குழந்தை வந்தபோது தலை மழிக்கப்பட்டிருந்தது. முழங்கைக்கு மேல் சட்டைக் கையை இறக்கி இறக்கி விட்டுக்கொண்டிருந்தார். தேர்வை எழுதினார். விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்தபோது வரவில்லை. பொங்கலுக்குப் பின்னும் வரவில்லை. ஊரை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சேர்க்கைப் பதிவேட்டில், நீங்கிய காரணம் என்ற பத்தியில், நண்பர் தம் கையால் 'நீண்ட நாள் வருகையின்மை' என்று எழுதினார். அலுவலக மொழி எவ்வளவு தூய்மையானது! யார் அனுப்பினார்கள் என்பது அதில் எங்கேயும் இராது.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் ஞாயிறு கூட்டங்களில் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' நூலையும், அதன்பின் ரேவதியின் 'வெள்ளை மொழி'யையும் படித்துப் பேசினோம். தன்வரலாறு என்னும் வடிவம், வலியைச் சொல்லும் மொழியின் நேர்மை என்றெல்லாம் விரிவாகவே பேசினோம். ஒருவர் கண் கலங்கியதாகவும் நினைவு. மூன்றாம் பெஞ்சின் ஓரத்தை எங்களில் எவரும் குறிப்பிடவில்லை. மறந்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. புத்தகத்தில் வருகிறவருக்காக இரங்குவதில் ஒரு சௌகரியம் உண்டு. அவர் நம் வருகைப் பதிவேட்டில் இருந்தவர் அல்லர்.

*

2019ஆம் ஆண்டு ஒரு வேலைநாள் முற்பகல். கணித நண்பர் அப்போது உதவித் தலைமையாசிரியர். அலுவலக உதவியாளர் வந்து, 'சார், டிசி கேட்டு ஒரு அம்மா வந்திருக்காங்க. பழைய ஸ்டூடண்டாம்' என்றார். நீல நிறப் பருத்திச் சேலையில் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. வெளியூரில் ஒரு சமையல் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பதாகவும், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத விரும்புவதாகவும் சொன்னார்.

'எந்த வருஷம் படிச்சீங்க?'

'ரெண்டாயிரத்து ஏழு சார். ஒன்பதாம் கிளாஸ்.'

அந்த எண்ணை அவரே சொன்னார். குரலில் எந்த நடுக்கமும் இல்லை. நண்பருக்குத்தான் கை நடுங்கியது. பதிவேட்டை எடுத்துப் பக்கம் புரட்டி, தம் கையெழுத்தைத் தாமே படித்தார். வந்தவரும் எட்டிப் பார்த்துப் படித்தார். நெடுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு நண்பர், 'அன்னைக்கு உங்க அப்பாவைக் கூப்பிட்டது தப்பும்மா' என்றார்.

அவர் கோபப்படவில்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னார்: 'நீங்க என்னை ஒரு நாளும் திட்டினதில்ல சார். மத்தவங்க மாதிரி சிரிச்சதும் இல்ல. அதனாலதான், நீங்க போய் அப்பாகிட்ட சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல.'

சான்றிதழ் தயாராகும்வரை அவரை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார்கள். உயிரியல் அம்மையாரும் வந்து சிறிது நேரம் அருகில் அமர்ந்திருந்தார். மறுஆண்டு அவர் தேர்வு எழுதினாரா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. கேட்டு எழுதும் தைரியம் வரவில்லை என்பதே உண்மை.

*

அவர் விட்டுச்சென்ற அந்த வாக்கியத்தைத்தான் நாங்கள் மூவரும் பல ஞாயிறுகள் பேசிப் பேசிப் பார்த்தோம். பேச வேண்டிய இடத்தில் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் பேசினோம். வகுப்பறையில் சிரிப்பு எழுந்தபோது ஆசிரியரின் ஒரு சொல் வேண்டியிருந்தது. அங்கே எண்ணைத் தவிர்த்தோம், சிலேடை சொன்னோம், மணி அடித்துவிட்டது என்றோம். குழந்தை இன்னும் எவரிடமும் சொல்லாத ஒன்றைத் தந்தையிடம் கொண்டுசெல்லும் வேலையை யாரும் எங்களுக்குத் தரவில்லை. அதை மட்டும் கடமை என்று செய்தோம். பாலீர்ப்பிலும் பாலடையாளத்திலும் பெரும்பான்மையிலிருந்து வேறுபடும் மாணவர்களுக்கு ஆசிரியர் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, எங்கள் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இந்த இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிரித்தானியாவில் 1988இல் இயற்றப்பட்ட உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் ஒருபாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்றும், அதை ஏற்கத்தக்க குடும்ப உறவாகப் பள்ளிகளில் கற்பிப்பதை வளர்க்கக் கூடாது என்றும் தடுத்தது. கேலிக்குள்ளான மாணவருக்கு ஆறுதல் சொல்வதுகூடக் குற்றமாகுமோ என்று ஆசிரியர்கள் அஞ்சும் நிலை உருவாயிற்று. ஸ்காட்லாந்தில் 2000இலும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2003இலும் அப்பிரிவு நீக்கப்பட்டது. அங்கே ஆசிரியர்களின் வாயைக் கட்ட ஒரு சட்டம் தேவைப்பட்டது. எங்கள் வாயைக் கட்ட எவரும் சட்டம் போடவில்லை.

இங்கே சட்டம் பிற்காலத்தில் எங்களைவிட முன்னே சென்றது. ஒருவர் தம் பாலடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. வயதுவந்தோர் தம் விருப்பத்தோடு கொள்ளும் ஒருபாலுறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஆசிரியர்களாகிய எங்களை அதிகம் பாதித்தது 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கு அது. இவ்விஷயத்தில் தமக்கும் போதிய அறிவில்லை, தம்மிடமும் முன்முடிவுகள் இருந்தன என்று நீதிபதி வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆணையை எழுதினார். 'குணப்படுத்துகிறோம்' என்று செய்யப்படும் முயற்சிகளுக்கு அதில் தடை விதித்தார். பள்ளிகளுக்கும் சிலவற்றைச் சொன்னார்: பெற்றோர் ஆசிரியர் கழகங்களின் வழியே பெற்றோருக்குப் புரிதலை உண்டாக்குதல், எப்பாலினரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, கல்விச் சான்றுகளில் பெயரும் பாலும் மாற்றிக்கொள்ள வழி, ஆலோசகர்கள்.

ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி 'எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்' என்று சொல்ல முடியுமானால், ஒரு பள்ளி ஆசிரியர் அதைச் சொல்வதில் என்ன தயக்கம்? அதே ஆண்டின் பிற்பகுதியில், திருநர் குழந்தைகளைப் பள்ளிக் கல்விக்குள் அரவணைப்பது பற்றித் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு ஆசிரியர்களுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டது. எதிர்ப்புகள் எழவே சில நாட்களில் அது இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. கையேடு வரும், போகும். வகுப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பவர் ஆசிரியர்தான்.

*

கற்றுக்கொண்டதைச் செய்து பார்க்கும் சந்தர்ப்பம் 2022இல் வந்தது. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் தம் தோழிக்கு எழுதிய கடிதம் நோட்டுப் புத்தகத்திலிருந்து விழுந்து, கைமாறி, ஒரு சக ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது. அவர் பாதி படித்துவிட்டு ஆசிரியர் அறையின் மேசைமேல் போட்டார். அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரு வீட்டுப் பெற்றோரையும் வரச்சொல்வது, இருவரையும் வெவ்வேறு பிரிவுக்கு மாற்றுவது, முடிந்தால் ஒருவருக்குச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவது.

'நாளைக்கு ரெண்டு பேரும் ஓடிப்போனா யார் பதில் சொல்றது? பெத்தவங்க நம்ம சட்டையத்தானே பிடிப்பாங்க' என்றார் அந்த ஆசிரியர். அவர் கெட்டவர் அல்லர். அவருடைய அச்சம் பொய்யும் அல்ல. எங்கள் ஊரில் ஒரு பெண் யாரோடு பேசினாள் என்பதற்கே வாசலில் ஆள் கூடும். பள்ளியின் பெயர், தலைமையாசிரியரின் நிம்மதி, எங்கள் இடமாறுதல் எல்லாம் அந்த நான்காக மடித்த தாளில் இருந்தன.

கணித நண்பர் ஓய்வு பெற ஓராண்டே இருந்தது. அவர் எழுந்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சான்றிதழ் வாங்க வந்தவரைப் பற்றிச் சொன்னார். தாம் எழுதிய 'நீண்ட நாள் வருகையின்மை'யைச் சொன்னார். பிறகு, 'இந்தப் பொண்ணோட வீட்டுல என்ன நடக்கும்னு நமக்குத் தெரியுமா? தெரியாத வீட்டுக்குள்ள பிள்ளையத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திட்டு வர்றதுக்குப் பேரு பொறுப்பு இல்ல' என்றார். அறையில் ஒருவரும் மறுக்கவில்லை, உடன்படவும் இல்லை. கடிதத்தை உயிரியல் அம்மையார் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அம்மையார் அந்த மாணவியை அழைத்துக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

'இதை நான் படிக்கலம்மா. உன்னோடது. பத்திரமா வச்சுக்கோ.'

'வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா டீச்சர்?'

'இல்ல. சொல்லவும் மாட்டோம். நீயா சொல்லணும்னு நெனைக்கிற அன்னைக்குக் கூட யாராவது வேணும்னா, நான் வர்றேன்.'

மாணவி அழவில்லை. நன்றி சொல்லவும் இல்லை. தாளை எட்டாக மடித்து ஜியோமெட்ரி பெட்டிக்குள் வைத்து மூடினார். தோழிகள் இருவரும் அதே பெஞ்சில் அமர்ந்தே பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள். அது காதலா, அந்த வயதின் நெருக்கமா, நாளை என்னவாகும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எங்களுக்கு இல்லை. பாதிக் கடிதம் படித்த சக ஆசிரியர் எங்களோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அதைப் பற்றி வெளியிலும் எவரிடமும் பேசவில்லை. அதற்காக அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

*

இதைச் சொல்லும்போது இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். ரகசியம் காப்பது என்பது எல்லாவற்றையும் மூடிவைப்பது அன்று. ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை நேர்கிறது என்று தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தென்பட்டால் தனியொரு ஆசிரியராகச் சுமந்துகொண்டிருக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் நாம் அனைவரும் அறிந்ததே. குழந்தைக்கு வரும் ஆபத்து வேறு, குழந்தை யார் என்பது வேறு. முன்னதைச் சொல்ல வேண்டும். பின்னதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிகளில் இவ்விரண்டும் நெடுங்காலமாக ஒரே குப்பையாகக் குழம்பிக் கிடக்கின்றன.

மற்றொன்று, அரைகுறையாகப் படித்துவிட்ட ஆசிரியரின் ஆர்வம். மென்மையாக நடக்கும் பையன் எல்லாம் திருநங்கை அல்லர். முடியை வெட்டிக்கொண்டு கபடி ஆடும் பெண் எல்லாம் திருநம்பி அல்லர். இவர்களில் எவருடைய ஈர்ப்பு எத்தகையது என்பதை நடையை வைத்துச் சொல்லிவிடவும் முடியாது. சிலர் தேடிக்கொண்டிருப்பார்கள். சிலர் தெரிந்தும் சொல்லமாட்டார்கள். இவ்வடையாளங்களுக்கான சொற்பட்டியல் 2022இல் தமிழ்நாடு அரசிதழிலேயே வெளிவந்தது நல்லதுதான். இழிசொற்களின் இடத்தில் நல்ல சொற்கள் வரட்டும். ஆனால் அவற்றை எடுத்துக் குழந்தையின் சட்டையில் குத்துவது நம் வேலை அல்ல. முன்பு 'ஒம்போது' என்று பெயரிட்டோம், இப்போது மரியாதையான சொல்லால் பெயரிடுகிறோம் என்றால், பெயரிடும் அதிகாரத்தை நாம் இன்னும் விடவில்லை என்றே பொருள்.

அப்படியானால் சிரிப்பு எழும்போது என்ன சொல்வது? தமிழையா இப்போது ஒரு வழியைக் கைக்கொண்டிருக்கிறார். யாரையும் சுட்டிக்காட்டுவதில்லை. கேலிக்கு ஆளானவரின் பக்கம் பார்ப்பதுகூட இல்லை. அப்படிப் பார்த்தால் ஐம்பது கண்களும் மறுபடி அங்கே திரும்பிவிடும். சிரித்தவரை எழுப்பி, 'எதுக்குச் சிரிச்சீங்க? எனக்குப் புரியல, சொன்னா நானும் சிரிப்பேன்' என்பார். குரலில் கடுமை இராது. காத்திருப்பார். அந்தச் சிரிப்பை வெளிப்படையாக விளக்கிச் சொல்ல இதுவரை எவராலும் முடிந்ததில்லை. 'அப்ப உட்காருங்க' என்று பாடத்துக்குத் திரும்பிவிடுவார். மொத்தம் ஒரு நிமிடம் ஆகும். 2007இல் எங்கள் மூவரிடமும் இல்லாமற்போனது அந்த ஒரு நிமிடம்தான்.

ஐம்பாலை நடத்தும்போது, பாடநூலில் இல்லாவிட்டாலும், தொல்காப்பியரும் பவணந்தியும் சொன்னதை அவர் சேர்த்தே சொல்கிறார். இறுதியில் முனிவர் விட்டுவைத்த அந்த அஃறிணை இடத்தையும் சொல்லி, 'இது எண்ணூறு வருஷத்துக்கு முந்தின கருத்து. நாம இன்னும் அங்கேயே நிக்கணுமா?' என்று கேட்கிறார். வளரிளம் பருவத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தை அம்மையார் இப்போது கடந்து ஓடுவதில்லை. வகுப்பின் இறுதியில், பெயர் எழுதாமல் கேள்விகளைத் தாளில் எழுதி ஒரு பெட்டியில் போடச் சொல்கிறார். 'நிறுத்த முடியாதா' என்ற அதே கேள்வி, வேறொரு கையெழுத்தில், ஒரு முறை வந்தது. அதற்கு அவர் ஒரு முழு வகுப்பை ஒதுக்கினார்.

கணித நண்பர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு மாற்று வகுப்பு எடுக்கச் சென்றார். காரணிப்படுத்தல். சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் 'எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒன்பது' என்று பெரிதாக எழுதினார். எழுதியதை உரக்கவும் படித்தார். பின்வரிசையில் எவரோ சிரித்தார்கள். நண்பர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

'யாரு? எழுந்திரிங்க. எதுக்குச் சிரிப்பு?'

பதில் வரவில்லை. அவர் காத்திருந்தார்.